ரோட்டுக்குக் கீழே ஒரு பட்டறை

சென்னையில் வீட்டுக்கு அடியில் அறை கட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. எங்கள் வீட்டிலும் யாரும் கட்டவில்லை. ரோடுதான் ஏறியது. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற வீடு. தாத்தா காலத்தில் தெருவிலிருந்து ஒரே ஒரு படி இறங்கினால் கீழறை. தார் மேல் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று போட்டுப் போட்டு இப்போது ஆறு படி இறங்க வேண்டியிருக்கிறது. அறையின் தரைக்கும் ரோட்டுக்கும் மூன்றரை அடி வித்தியாசம். ஜன்னல் வழியாகவே மழைத்தண்ணீர் குதிக்க ஆரம்பித்தபோது ஜன்னல்களின் கீழ்ப்பாதியை அப்பா செங்கல் வைத்து அடைத்தார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. ஆனால் ஏற்கெனவே ஏறிய ரோட்டை அது இறக்கப் போவதில்லை.

அந்த அறையில்தான் அப்பாவின் அச்சகம் நடந்தது. 24 அடி நீளம், 14 அடி அகலம், எட்டரை அடி உயரம். டிரெடில் என்கிற பழைய அச்சு மிஷின், காகிதம் வெட்டும் கட்டிங் மிஷின், ஈய எழுத்து ரேக்குகள் எல்லாம் கீழே. காகிதக் கட்டுகள் மட்டும் மாடியில். ஈரத்தைப் பற்றி அச்சகக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆஃப்செட் வந்த பிறகு வேலை குறைந்து, அப்பாவுக்கு முட்டிவலி வந்து, அறை பூட்டியே கிடந்தது. 2015 டிசம்பரில் மார்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடியும்.

எனக்குத் துணியில் அச்சுக்கட்டை போட ஓர் இடம் வேண்டும். தம்பிக்குக் கதை ஒலிப்பதிவு செய்ய அமைதியான மூலை வேண்டும். சித்தி பெண் சனிக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தருகிறாள், மொட்டைமாடி வெயிலில். மூன்றுக்கும் இந்த ஓர் அறைதான்.

பார்த்தவர்களெல்லாம் யோசனை சொன்னார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கிவிடலாம் என்றார் ஒருவர். சென்னையில் அது நடக்கிற வேலைதான், தனி வீடாக இருந்தால். எங்களுக்கு ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அறையை மண் கொட்டி ரோடு மட்டத்துக்கு மேடாக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். எட்டரையில் மூன்றரை போனால் மீதி ஐந்தடியில் குழந்தைகள்தான் நிமிர்ந்து நிற்கலாம். மூன்றாவதாக வந்த வாட்டர்ப்ரூஃபிங் ஆள், நாலு சுவரும் உள்பக்கம் கெமிக்கல் பூசினால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பினோம்.

நாங்கள் எடுத்த முடிவு வேறு. தண்ணீர் வரும். வந்தால் அதற்குப் போக வழி இருக்க வேண்டும். அறையில் இருக்கும் சாமான் அதற்குள் மேலே போய்விட வேண்டும். மேசைக்குச் சக்கரம் வைத்தது முதல் பிளக்பாயின்டை எந்த உயரத்தில் வைப்பது என்பது வரை எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வந்ததுதான்.

முதல் வேலை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாள்களைச் சுவரிலும் தரையிலும் பல இடங்களில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் அப்படியே விட்டோம். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. காசு செலவில்லாத சோதனை. மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன் யாரும் செய்து பார்க்கலாம். எங்களுக்கு ரோட்டுப் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர். பொதுச்சுவர் காய்ந்திருந்தது.

ரோட்டுச் சுவரில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் மண். பின்சுவர் ஏன் நனைகிறது? அந்தப் பக்கம் தோட்டம், அங்கே தரை ஏறவே இல்லை. அப்பாவுக்கு வேலை செய்த மேஸ்திரியைத்தான் கூப்பிட்டிருந்தேன். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கொல்லைப்புறம் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சிரித்தார்.

"பாப்பா, மழநீர்த் தொட்டிய எங்க வெச்சிருக்கீங்கன்னு பாரு."

2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரே அவசர அவசரமாகத் தோண்டியது. எங்கள் வீட்டில் தோண்டிய குழி பின்சுவரிலிருந்து இரண்டடிகூட இல்லை. மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் குழாய் வழியாக நேராக அஸ்திவாரத்தின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு நீட்டி, அங்கே புதுக் குழி எடுத்து உறை இறக்கினோம். பழைய குழியைக் களிமண் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து மூடினோம். இந்த ஒரு வேலையிலேயே பின்சுவரின் தொல்லை பாதிக்கு மேல் போனது. கெமிக்கல் பூசியிருந்தால் குழி அங்கேயேதான் இருந்திருக்கும்.

அடுத்து சுவர். பதினெட்டு அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. எப்போதோ யாரோ நாலடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி அதன்மேல் ஆயில் பெயின்ட் அடித்திருந்தார்கள், மை பட்டால் துடைக்கச் சுலபம் என்று. மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சும் நீர் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிப் போக வேண்டும். சிமென்டும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்தால் நீர் நிற்காது, மேலே ஏறும். அதனால்தான் பெயின்ட் முடிகிற நாலடிக்கு மேலே ஐந்தடியில் உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நீரில் கரைந்து வரும் உப்பு, நீர் ஆவியானதும் படிகமாகி, பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. அதை மறைக்கப் புட்டி பூசி எமல்ஷன் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த பொடியைக் கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். பூக்கப் பூக்கத் தேய்த்தோம். கோடை முழுக்க இதேதான். அலுப்பூட்டும் வேலை, ஆனால் இதில் அவசரப்பட்டால் மேலே பூசுவதெல்லாம் வீண். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், மெதுவாகத்தான் இறுகும். முதல் பூச்சு கெட்டிப்படும்வரை மேஸ்திரி அடுத்ததைத் தொடவிடவில்லை. மேலே வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. ஈரம் வந்தால் சுவர் நிறம் மாறும், பிறகு காயும். உதிர்ந்தால் அந்த இடத்தை மட்டும் பூசிக்கொள்ளலாம்.

ரோட்டுச் சுவரை வெளியிலிருந்து சரிசெய்ய வழியில்லை. ரோட்டைத் தோண்ட முடியாது. அதனால் அந்தச் சுவர் கசியும் என்று ஒத்துக்கொண்டு, அதன் அடியில் நீளவாக்கில் நாலு அங்குல அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, மேலே தூக்கி எடுக்கும்படி கடப்பாக் கல் பட்டைகளைப் போட்டோம். கசிவு வாய்க்காலில் இறங்கி, அறையின் மூலையில் இதற்கென்றே எடுத்த குழிக்குப் போகும். அந்தச் சுவரில் அலமாரி கிடையாது, ஆணி கிடையாது, எதையும் சாய்த்து வைக்கவும் கூடாது.

தரையில் டிரெடில் நின்ற இடங்களில் பல வருஷத்து எண்ணெயும் மையும் காரைக்குள் இறங்கியிருந்தது. அதன்மேல் எது போட்டாலும் ஒட்டாது என்பதால் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டோம். பிறகு அறை முழுக்கக் குழியை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் சிமென்ட் தளம். டைல்ஸ், மரத்தரை, வினைல் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. கழுவிவிட்டால் குழிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

குழி இரண்டடி விட்டத்து உறை, இரண்டரை அடி ஆழம். அதில் அரை ஹெச்பி நீர்மூழ்கி மோட்டார், மிதவை ஸ்விட்சோடு. நீர் ஏறினால் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும். வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். குழாயின் வாய் வெள்ளத்தில் மூழ்கினால், மோட்டார் நின்ற நிமிஷமே ரோட்டுத் தண்ணீர் அதே குழாய் வழியாக உள்ளே வரும். குழாயை மழைநீர் வடிகாலுக்குத்தான் விட்டோம். கழிவுநீர் லைனில் விட்டால் மழையில் அது பொங்கி யாருடைய பாத்ரூமிலாவது வந்து நிற்கும்.

மோட்டாருக்கு இன்வெர்ட்டர் லைன் தனியாக இழுத்தோம். பலத்த மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் ஷாக் அடிக்காமலிருக்க ஈபி லைனை நிறுத்திவிடுவார்கள், அது சரியும்கூட. ஆனால் மோட்டார் தேவைப்படுவதே அப்போதுதான். 150 ஏஹெச் பேட்டரி, 12 வோல்ட். முழு சார்ஜில் 1800 வாட் ஹவர். மூன்றில் இரண்டு பங்குதான் நம்பலாம் என்று வைத்தாலும் அரை ஹெச்பி மோட்டார் விடாமல் ஓடினால் சுமார் இரண்டு மணி நேரம் வரும். விட்டு விட்டு ஓடும்போது இன்னும் இழுக்கும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாடியில்.

வாசலுக்கு வருகிறேன். ரோடு மட்டத்திலிருந்து ஒன்பது அங்குலம் உயர்த்திக் கருங்கல்லில் ஒரு தடுப்புப்படி. அதன் இரு பக்கமும் அலுமினியச் சட்டம், அதில் மேலிருந்து இறக்க இன்னும் ஒன்பது அங்குலப் பலகை, ஓரத்தில் ரப்பர். ஆக மொத்தம் ஒன்றரை அடி. இன்னும் உயரமாகப் போட்டால் என்ன என்று தம்பி கேட்டான். இரண்டு காரணம். ஜன்னல்கள் ரோட்டிலிருந்து ஒன்றரை அடியில்தான் தொடங்குகின்றன, அதற்குமேல் வந்தால் தண்ணீர் அந்த வழியாக வந்துவிடும். இரண்டாவதுதான் முக்கியம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவுக்கு அழுத்தும். வெளியே நீரும் ஈரமண்ணும் தள்ள, உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெற்றாக இருந்தால், பழைய சுண்ணாம்புச் சுவர் எவ்வளவு தாங்கும்? ஒன்றரை அடியைத் தாண்டினால் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதுதான் வீட்டுக்கு நல்லது. அது வடிகிறபோதும் ஒரே மூச்சில் இறைக்கக் கூடாது, வெளியே இறங்குகிற வேகத்தில் உள்ளேயும் இறக்க வேண்டும்.

மின்சார வேலையில் எலக்ட்ரீஷியனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வழக்கமான உயரத்தில் பாயின்ட் வைத்தால்தான் அழகு என்றார். எல்லா பாயின்ட்டும் ஐந்தடியில், வயரெல்லாம் மேலிருந்து இறங்கி வர வேண்டும், கீழே ஒரு சாண் வயர்கூடக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கீழறைக்கென்று தனி மெயின், அதுவும் மாடிப்படியின் உச்சியில். தண்ணீரில் இறங்கிப் போய் மெயினை அணைக்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் சுண்ணாம்பில் சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல். விட்டத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அது ஈரச்சுவருக்குள் நுழைகிற முனையில்தான் கரையானும் அழுகலும் ஆரம்பிக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்த்தோம். ரோட்டுப் பக்கம் ஒரு முனை மட்டும் பஞ்சாக இருந்தது. அதற்கு அடியில் இரும்புத் தாங்கி வைத்தாயிற்று. செங்கல்லில் டிரில் போடக் கூடாது, தொங்கவிடுவதெல்லாம் விட்டத்திலிருந்துதான்.

காற்று விஷயத்தில் கணக்கு எளிது. அறையின் கொள்ளளவு சுமார் 2850 கன அடி. மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 285 கன அடி இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். ரோட்டுப் பக்கம் ஃபேன், தோட்டத்து ஜன்னலில் கொசுவலை. உள்ளே வருவது தோட்டத்துக் காற்று, ஆட்டோ புகை இல்லை. ஆனால் ஃபேன் போட்டால் ஈரம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவர் பெங்களூர்க்காரராக இருப்பார். இங்கே வெளிக்காற்றிலேயே ஈரப்பதம் எழுபது, எண்பது. ஃபேன் புழுக்கத்தையும் வாடையையும் எடுக்கும். ஈரத்தை எடுக்க டீஹியூமிடிஃபையர்தான். அதன் தண்ணீர்க் குழாயும் குழிக்கே போகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று விட்டத்தில் தொங்குகிறது. அறுபதைத் தாண்டியே நின்றால் காகிதத்திலும் துணியிலும் பூஞ்சணம் வரும். நனைந்த துணியைக் கீழே காயப்போடக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அச்சுப் போட்டது போட்டபடி மொட்டைமாடிக்குப் போய்விடும்.

சாயம் காய்ச்சும் அடுப்பும் மேலேதான், அதற்குக் காரணம் ஈரம் இல்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. பள்ளமான அறையில் கசிந்தால் வெளியே போகாமல் தரையோடு தேங்கும். ஒரு ஸ்விட்ச் பொறி போதும். சிலிண்டர், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கீழே கிடையாது. வெளியேற ஒரே படிக்கட்டுதான் என்பதால் தோட்டத்து ஜன்னல் கம்பியை உள்ளிருந்து தாழ் நீக்கித் திறக்கும்படி மாற்றி, அடியில் சுவரில் இரும்பு மிதிகள் பதித்தோம். பிள்ளைகளை ஒரு தடவை அதன் வழியாக ஏறிப் போகச் சொன்னோம். இப்போது வகுப்பு முடிந்ததும் அந்த வழியாகத்தான் போவோம் என்று அடம்.

ஆசாரி வேலைதான் எனக்குப் பிடித்த பகுதி. எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் எட்டுக்கு இரண்டாக இரண்டு மேசை. இப்படி நாலு மேசை. சேர்த்துப் போட்டால் புடவை விரிக்கலாம், பிரித்துப் போட்டால் வகுப்பு, சுவரோரம் தள்ளினால் தம்பிக்கு நடு அறை காலி. ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 தர மரைன் பிளைதான் வாங்கினோம்; ஆனால் எந்தப் பிளையானாலும் நீர் குடிப்பது அறுத்த ஓரத்தில், அந்த ஓரங்களை மூன்று கோட் சீலர் கொடுத்து மூட வேண்டும். மேசை உயரம் மூன்றடி, நின்றுகொண்டு அச்சுக்கட்டை அடிக்க அதுதான் வாகு. கம்பளியும் சாக்கும் காடாத்துணியும் அடுக்கிய மெத்தைப் பலகை தனி. வேண்டும்போது மேசைமேல் வைத்துக் கொக்கி போட்டுக்கொள்வது. பிள்ளைகளுக்கு உயரமான முக்காலி. கால்களில் நாலு அங்குலச் சக்கரம், பிரேக்கோடு. ஒவ்வொரு மேசையும் இரண்டு பேர் தூக்கிப் படியேற்றுகிற எடைதான் என்று ஆசாரியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். பலகை கழலும், கால் மடங்கும்.

சக்கரமில்லாத சாமான் ஒன்றே ஒன்று, அப்பா விற்கச் சம்மதிக்காத டிரெடில். வார்ப்பிரும்பு. இரண்டு வெள்ளத்திலும் மூழ்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து கிரீஸ் தடவியதும் ஓடியது. அதற்கு ஒரு மேடை கட்டி மூலையில் நிறுத்தியாயிற்று.

ஒலிக்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்லாதவர்கள் இல்லை. முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும், அட்டைக்கு ஏது எடை? எதிரொலியையும் பேருக்குத்தான் குறைக்கும், தீப்பிடித்தால் முதலில் எரியும். நாங்கள் செய்தது நாலுக்கு இரண்டடி மரச்சட்டத்தில் இரண்டு அங்குல ராக்வுல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு), ஒரு பக்கம் காடாத்துணி, மறுபக்கம் படம் குத்தி மாட்ட சாஃப்ட்போர்டு. விட்டத்திலிருந்து கொக்கியில் தொங்கும். ஒலிப்பதிவுக்குத் தம்பி தன்னைச் சுற்றி ப வடிவில் மாட்டிக்கொள்வான். கண்காட்சி என்றால் திருப்பி மாட்டினால் ஆயிற்று. ராக்வுல்லை ஈரச்சுவரில் ஒட்டினால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் சுவரைத் தொடவிடுவதில்லை. ஆட்டோ ஹாரனுக்கு ஜன்னல் அளவுக்குக் கனமான மூடிகள், ரப்பர் ஓரத்தோடு. பதிவு நேரத்தில் ஃபேனை நிறுத்தி, மூடியைச் செருக வேண்டும். அரை மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. தம்பியின் கதைகள் சுருக்கமாகிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

ஐப்பசியில் வந்தது சோதனை. ராத்திரி முழுக்க மழை, காலையில் சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். தடுப்புப் பலகை இறக்கியிருந்தோம். ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது. ரோட்டுச் சுவர் இடுப்புவரை கருத்து, அடி வாய்க்காலில் நூல் மாதிரி நீர் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் சிறிது நேரத்துக்கொருமுறை ஓடி நின்றது. நடுத்தளம் காய்ந்தே இருந்தது. கரன்ட் போன பிறகும் மோட்டார் சத்தம் கேட்டது, அன்று வீட்டிலேயே இனிமையான சத்தம் அதுதான். மேஸ்திரி மத்தியானம் வந்து, படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"வாய்க்கால் ஓடுதா? அப்ப செவுத்த விடு, அது வேர்க்கும், காயும்."

பாக்கி வேலைகள் இருக்கின்றன. ஒரே மோட்டாரை நம்ப முடியாது, அதே குழியில் கொஞ்சம் உயரத்தில் இன்னொன்று மாட்ட வேண்டும். சக்கரங்களின் அச்சு இப்போதே துருப்பிடிக்கிறது. செம்புதாஸ் தெருவுக்குப் போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தேட வேண்டும். சாயத்தின் நிறம் கீழே எல்இடி வெளிச்சத்தில் ஒன்றாகவும் மாடியில் வெயிலில் வேறாகவும் தெரிகிறது, நல்ல விளக்காக மாற்ற வேண்டும். தடுப்புப் பலகைக்கு இன்னும் தடித்த ரப்பர் சொல்லியிருக்கிறேன், கார்த்திகை மழைக்குள் வந்துவிட்டால் சரி.